மூன்று மணிக் கமிட்டி

கம்பெனிக்கு அறுபது வயது ஆகிறதாம், மலர் போடுகிறார்கள். போன வாரம் ஒரு பெண் ஃபோனில் கூப்பிட்டாள். "உங்க பழைய மேனேஜர்கிட்ட பத்தொன்பது வருஷம் சுருக்கெழுத்து எடுத்திருக்கீங்க. அவரோட தலைமைப் பண்பு, உற்பத்தித்திறன், உடல்நலம் இதெல்லாம் பத்தி நாலு பக்கம் எழுதிக் கொடுங்க மேடம்" என்றாள். நல்ல பெண்தான், குரலில் மரியாதை இருந்தது. அவள் சொன்ன தலைப்புகளில் அவர் பேசி நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன், அதுவும் நாலு நிமிஷம். எனக்குத் தெரிந்து அவருடைய தலைமைப் பண்பு என்பது தினமும் மூன்று மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியதுதான். இதை மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, நான் எழுதிவிடுகிறேன். அவர்களுக்காக வழவழவென்று எழுத எனக்கு வராது.

நாங்கள் தண்ணீர் மீட்டர் செய்தோம். வீட்டு வாசலில் ஒரு இரும்பு மூடிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எத்தனை லிட்டர் போயிற்று என்று எண்ணிக்கொண்டே இருக்குமே, அது. கீழே பட்டறை, மேலே அலுவலகம். பட்டறையில் ஒரு நீளமான மேடை. அதில் பன்னிரண்டு மீட்டர்களை வரிசையாகப் பூட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, முள் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். மேலே மேனேஜர் அறை. அதன் வாசலில் என் மேஜை. அறைக்குப் பின்னால் இன்னொரு சின்ன அறை, முன்பு வரைபடம் போடுகிறவர்கள் இருந்தது. அவர்கள் போன பிறகு அங்கே மிச்சம் இருந்தது ஆள் நீளத்துக்கு ஒரு மேஜையும், மூலையில் சுருட்டி வைத்த பழைய வரைபடங்களும்தான்.

மேனேஜர் உயரமானவர், ஒல்லி. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார், இரண்டில் ஒன்று எப்போதும் ஒழுகும். கத்த மாட்டார். ஆனால் அந்தக் காலத்தில் அவரிடம் ஒரு குறை இருந்தது. யார் உள்ளே நுழைந்து என்ன கேட்டாலும் நின்ற நிலையிலேயே பதில் சொல்லிவிடுவார். அதனால் அவர் அறை பஸ் நிறுத்தம் மாதிரி இருந்தது. காலையில் ஒருவருக்குச் சரி என்று சொன்னதை மதியம் இன்னொருவருக்காக மாற்றுவார், சாயங்காலம் இரண்டு பேரும் என் மேஜைக்கு வந்து என்னோடு சண்டை போடுவார்கள். வருகிறவர்களில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் ஃபோர்மேன். ஒலிபெருக்கி என்று பெயர்; அவர் மாடிப்படி ஏறும்போதே என்ன விஷயம் என்று எனக்குத் தெரிந்துவிடும். இன்னொருவர் சாமான் அறைக்காரர். எதைக் கேட்டாலும் முதலில் "இல்லை" என்பார், பிறகுதான் அலமாரியைத் திரும்பிப் பார்ப்பார். பட்டறையில் அவருக்கு 'இல்லை' என்றே பெயர். என்னைக் 'கதவு' என்று சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வேன்.

மேனேஜரின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாங்களும் அவரை டீச்சர் என்றுதான் சொல்வோம். மதியம் பள்ளிக்கூட இடைவேளையில் ஃபோன் பண்ணுவார். "உங்க சார் சாப்பிட்டாரா, இல்ல டப்பாவை அப்படியே வெச்சிருக்காரா?" என்று என்னிடம் கேட்பார். நான் உளவு சொல்வேன். நாற்பத்தெட்டாவது வயதில், வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றபடியே, டீச்சருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மேனேஜர் பன்னிரண்டு நாள் விடுப்பு எடுத்தார், திரும்பி வந்தார், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மதியம் ஃபோன் வராததை வைத்துத்தான் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு நகராட்சிக்கு ஒரு கடிதம் சொல்லிக்கொண்டிருந்தார். சுருக்கெழுத்து எடுக்கிறவள் கை, காது கேட்பதை அப்படியே எழுதிக்கொண்டு போகும். மூளைக்கு அங்கே வேலை இல்லை. "தாங்கள் கேட்ட ஐந்நூறு மீட்டர்களை இந்த மாத இறுதிக்குள் அனுப்பி வைக்கிறோம்" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "இனி இடது பக்கம் திருப்பணும், முதுகுக்குத் தலையணை வெச்சு" என்றார். நான் அதையும் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கண் மூடியிருந்தது.

"சார், நகராட்சி எதை இடது பக்கம் திருப்பணும்?" என்று கேட்டேன்.

அவர் விழித்து, நான் படித்துக் காட்டியதைக் கேட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அப்போதுதான் சொன்னார். பகலில் டீச்சரின் தங்கை வந்து பார்த்துக்கொள்கிறாள், இரவு முழுக்க இவர்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். கடிகாரத்தில் மணி வைத்து எழுந்துகொள்கிறார். அப்படியே ஐந்து மாதம் ஓடியிருக்கிறது. ஏதாவது இல்லத்தில் சேர்க்கலாமே என்று உறவுக்காரர்கள் சொன்னார்களாம். "அவளுக்குப் பேச்சுதான் போச்சும்மா, புத்தி போகல. அங்க கொண்டுபோய் விட்டா அவளுக்குத் தெரியும்ல" என்றார். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

"பின்னாடி ரூம்ல மேஜை இருக்கு. போய் அரை மணி நேரம் படுங்க" என்றேன்.

"ஆபீஸ்ல தூங்குறதா? என்னம்மா பேசுறீங்க?"

"நீங்க முழிச்சுக்கிட்டு சொன்ன கடிதத்தை இன்னொரு தடவை படிக்கட்டுமா சார்?"

போய்ப் படுத்தார். மணி அப்போது மூன்று. வரைபடச் சுருள் ஒன்றைத் தலைக்கு வைத்துக்கொண்டார். நான் அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு என் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக் கதவை மறித்த மாதிரி போட்டுக்கொண்டேன். மூன்றரைக்கு எழுந்து வந்தபோது அவர் முகத்தில் மேஜையின் விளிம்பு பதிந்திருந்தது, ஆனால் கண் தெளிந்திருந்தது. அதிலிருந்து தினமும் அந்த அரை மணி. அந்த அரை மணி போய்விட்டால் அவர் ஒன்று வேலையை விட வேண்டும், இல்லை டீச்சரை எங்கேயாவது விட வேண்டும். இரண்டையும் செய்யாமல் ஒரு நாள் விழுந்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இரண்டாம் நாளே ஒலிபெருக்கி வந்து நின்றார். "சார் இருக்காரா?"

"கமிட்டியில இருக்கார்" என்றேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"என்ன கமிட்டி?"

"மூணு மணிக் கமிட்டி. தினமும் மூணுல இருந்து மூணரை வரைக்கும்."

"யார் யாரும்மா இருக்காங்க?"

"அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாது. உங்க விஷயத்தை அரைப் பக்கத்துல எழுதிக் கொடுங்க, கமிட்டி பார்க்கும்."

அவர் கதவையே பார்த்தார், பிறகு தலையை ஆட்டிக்கொண்டு கீழே போனார். கரடி விட்டது நான், ஆனால் அது என்னைவிட வேகமாக ஓடியது. ஒரு மாதத்தில் பட்டறை முழுக்கக் கமிட்டிக்கு எழுத ஆரம்பித்துவிட்டது. எழுதச் சொன்னதில்தான் விஷயம். நின்றுகொண்டு சொன்னால் பெரிய சண்டையாக இருப்பது, அரைப் பக்கத்தில் எழுத உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் வராது. ஒலிபெருக்கி ஒரு நாள், சாமான் அறையில் வாஷர் கேட்டால் இல்லை என்கிறார் என்று எழுத ஆரம்பித்து, எந்த அளவு கேட்டோம் என்று எழுதும்போது தான் கேட்டதே தப்பான அளவு என்று கண்டுபிடித்துவிட்டார். "இதைக் கமிட்டிக்குக் காட்ட வேணாம்மா" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டு போனார். மிச்சம் வந்த தாள்களை நான் மூன்றரைக்கு மேனேஜர் மேஜையில் வைப்பேன். தூங்கி எழுந்தவர் நிதானமாகப் படித்து, ஒரு தடவைதான் முடிவு சொல்வார். சொன்னதை மாற்ற மாட்டார். ஆயிரம் மீட்டருக்கு நாற்பது பழுதாகித் திரும்பி வந்துகொண்டிருந்த இடத்தில் அந்த அரை வருஷத்தில் பதினொன்றுதான் வந்தது. இத்தனைக்கும் கமிட்டி என்று ஒன்று இருப்பதே மேனேஜருக்குத் தெரியாது. தன்னை ஏன் யாரும் தொந்தரவு பண்ணுவதில்லை என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

வினை அரையாண்டு அறிக்கையில் வந்தது. பழுது குறைந்ததற்குக் காரணம் என்ன என்று அதில் ஒரு பத்தி. ஃபோர்மேன்தான் எழுதித் தர வேண்டும். அவர் மனசாரப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: மூன்று மணிக் கமிட்டியின் அயராத உழைப்பே காரணம். அதை அடித்துவிட வேண்டுமென்றால் ஏன் என்று அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அது ஊருக்கே கேட்கும். மென்று முழுங்கிக்கொண்டு அப்படியே தட்டச்சு செய்தேன். மேனேஜர் கையெழுத்துப் போடும் நேரத்தில் எதையும் படிக்கிற நிலையில் இருக்க மாட்டார், போட்டுவிட்டார்.

மூன்று வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து எம்.டி.யே கையெழுத்திட்ட கடிதம் வந்தது. கமிட்டியைப் பற்றி அறிந்து மகிழ்ந்தாராம். மற்ற ஐந்து கிளைகளிலும் உடனே இதே போல அமைக்க உத்தரவிட்டிருக்கிறாராம். அதிகாரிகள் மாநாட்டில் எங்கள் மேனேஜர் தலைமை, உற்பத்தி, உடல்நலம் என்ற தலைப்பில் கமிட்டியின் செயல்பாட்டை விளக்க வேண்டுமாம், உறுப்பினர் பட்டியலோடு. கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "உறுப்பினர்கள் யாரு?" என்று கேட்டார்.

"நீங்க, ஒரு மேஜை, ஒரு வரைபடம் சார்."

சிரித்தார். டீச்சருக்கு முடியாமல் போனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. "நீங்க எங்கயும் நிக்க வேணாம். கூட வாங்க, நான் பேசுறதைக் குறிச்சுக்கணும்" என்றார்.

மாநாடு ஒரு பெரிய ஹோட்டல் கூடத்தில் நடந்தது. டீச்சரின் தங்கை ஒரு இரவு தங்கிக்கொண்டதால்தான் அவர் வர முடிந்தது. எங்களுக்கு முன்னால் பேசிய கிளை மேனேஜர், தான் தினமும் பதினாறு மணி நேரம் உழைப்பதையும், ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது என்பதையும் படம் போட்டு விளக்கினார். நல்ல கைதட்டல். பிறகு எங்களவர் போய் நின்றார். அந்தக் குறிப்புப் புத்தகம் இப்போதும் என்னிடம் இருக்கிறது, அதனால் வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

"எங்க கிளையில அப்படி ஒரு கமிட்டி கிடையாது. அந்த நேரத்துல நான் மேஜை மேல படுத்துத் தூங்குறேன். என் மனைவி படுத்த படுக்கையா இருக்காங்க, ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. நான் தூங்குற அரை மணி நேரத்துல அவசரம்னு வந்த காகிதமெல்லாம் காத்துக்கிட்டு இருந்துச்சு. காத்திருந்ததுல பாதி அவசரமே இல்லைன்னு தெரிஞ்சுது. நான் முழிச்சுக்கிட்டு இருந்தப்ப எல்லாருக்கும் நானே யோசிச்சேன். நான் தூங்க ஆரம்பிச்சதும் என் ஃபோர்மேன் யோசிக்க ஆரம்பிச்சார், என்னைவிட நல்லாவே யோசிச்சார். இதுல என் திறமை ஒண்ணும் இல்லை. அறிக்கையில போனது தப்பு, கையெழுத்து என்னோடது. அதுக்கு என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி. அந்த அரை மணியை மட்டும் எடுத்துடாதீங்கன்னு கேட்டுக்கிறேன்."

யாரும் கை தட்டவில்லை. எம்.டி. முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது, ஒரே வரி. 'மூன்று மணிக் கமிட்டி இதன் மூலம் கலைக்கப்படுகிறது.' இல்லாத ஒன்றைக் கலைத்து, அதற்கு ஒரு எண்ணும் தேதியும் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், மற்ற ஐந்து கிளைகளிலும் அதற்குள் நிஜமாகவே கமிட்டி அமைத்துவிட்டார்கள்; ஒன்றில் பதினோரு பேர், ஒரு துணைக் கமிட்டி வேறு. அவை பல வருஷம் கூடிக் கூடிக் கலைந்தன. பதவி உயர்வு அந்த வருஷம் பதினாறு மணி நேரக்காரருக்குப் போயிற்று.

எங்களவர் நேர்மைக்காரர். கலைத்துவிட்டார்கள் என்றால் கலைத்துவிட்டார்கள். மறுநாள் மூன்று மணிக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தபடி மேஜையில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அப்போது ஒலிபெருக்கி மாடி ஏறி வந்தார். பின்னாலேயே 'இல்லை'யும் வந்தார். மாநாட்டில் அவர் பேசியது அதற்குள் பட்டறை முழுக்கத் தெரிந்திருந்தது, பலகையையும் படித்திருந்தார்கள்.

"சார், கமிட்டியைத்தான கலைச்சாங்க? மேஜையைக் கலைக்கலையே. போய்ப் படுங்க" என்றார் ஒலிபெருக்கி. பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே வந்து கதவைத் தானே சாத்தினார். 'இல்லை' என் பக்கம் திரும்பி, "யாராவது கேட்டா சார் இல்லைன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பொய் சொல்லும் வேலை மிச்சம். மூன்று மணி ஆனால் மாடியில் ஒருவரும் செருப்புச் சத்தம்கூடக் கேட்க விட மாட்டார்கள். மேலிடத்திலிருந்தும் அந்த நேரத்துக்கு ஃபோன் வருவது நின்றுபோயிற்று. அதை யார் சொல்லி நிறுத்தினார்கள் என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

அப்படி நாலு வருஷம் ஓடியது. என் வேலைக் காலத்தில் எனக்குப் பிடித்த வருஷங்கள் அவைதான், இப்போதும் நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. டீச்சருக்கு ஒரு புண்கூட வரவில்லை என்று டாக்டர் சொன்னாராம். அதை மட்டும் மேனேஜர் வந்து எல்லோரிடமும் சொன்னார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, மூன்று பத்துக்கு ஃபோன் அடித்தது. டீச்சரின் தங்கை. "அக்கா போயிட்டாங்க. இப்பத்தான். தண்ணி கொடுத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

ரிசீவரை வைத்தேன். கதவு சாத்தியிருந்தது. எழுந்து கதவு வரைக்கும் போனேன். தட்டக் கையைத் தூக்கினேன். இனிமேல் ஓடிப்போய் அவர் செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இதைக் கேட்ட பிறகு இவர் எப்போது தூங்குவார் என்று தோன்றியது. கையைக் கீழே போட்டுவிட்டேன். இருபது நிமிஷம் அந்தக் கதவுக்கு வெளியே நின்றேன். நான் செய்தது சரியா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. மூன்றரைக்கு அவர் தலையை வாரிக்கொண்டு வெளியே வந்தார். சொன்னேன்.

"எத்தனை மணிக்கு ஃபோன் வந்துச்சு?" என்று கேட்டார்.

"மூணு பத்துக்கு சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். படி இறங்கிப் போனார்.

பதினைந்து நாள் கழித்து வேலைக்கு வந்தார். அந்தப் பதினைந்து நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்றைக்கு மூன்று மணி ஆனதும் வழக்கம்போல மாடி அடங்கிப்போயிற்று. ஐந்து நிமிஷத்தில் கதவு திறந்தது. வெளியே வந்து என் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எழுப்பியிருக்கணுமா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"தெரியலம்மா. ஆனா நான் கடைசியாத் தூங்கினது அந்த இருபது நிமிஷம்தான். ராத்திரி இப்பவும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து உக்காந்துக்கிறேன். இங்க வந்து படுத்தாலும், இவ்வளவு அமைதியில, திருப்பிப் போட நேரம் ஆச்சோன்னு காது கேட்டுக்கிட்டே இருக்கு." எழுந்து தன் அறைப் பக்கம் திரும்பினார். "யாரையாவது வரச் சொல்லுங்க. ஏதாவது பிரச்சினை இருக்கும்ல?"

நான் கீழே இறங்கிப் பட்டறைக்குப் போனேன். மேனேஜரிடம் கேட்க யாருக்காவது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் சரியாகத்தான் போகிறது என்றார்கள். "இருந்தாகணும்" என்றேன். என் முகத்தைப் பார்த்து அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. நான் திரும்பி மாடி ஏறி உட்காருவதற்குள் ஏழு பேர் கதவுக்கு வெளியே வரிசையாக நின்றிருந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஏழு பேருக்கும் அவர் பதில் சொல்லி முடிக்க மணி ஐந்து ஆகிவிட்டது.